குழாய் ஸ்பீக்கர் வளர்த்த காது

இளையராஜா பாட்டுல பேஸ் கிடார்னு ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கும்ங்கிறது என் சின்ன வயசு காதுக்குத் தெரியவே தெரியாது. ஏன்னா நான் அந்தப் பாட்டையெல்லாம் கேட்டது குழாய் ஸ்பீக்கர்ல. குழாய்ல பேஸ், அதாவது பாட்டோட அடிப்பக்கத்துக் கனமான சத்தம், வராது. கொஞ்சமா வரும், மங்கலா வரும்னு எல்லாம் இல்ல, சுத்தமா வரவே வராது. விருதுநகர் பக்கம் ஒரு கரிசக்காட்டு ஊர், வேப்பமரத்து உச்சியில கட்டின குழாய், அதுல ஜானகியம்மா குரல், புல்லாங்குழல், தபேலாவோட மேல் தட்டு, வயலின்ல மேல போற வரி, அவ்வளவுதான் பாட்டு. பல வருஷம் கழிச்சு காலேஜ் ஹாஸ்டல்ல ஒரு நல்ல ஹெட்போன்ல அதே பாட்டைக் கேக்குறப்ப கீழ இன்னொரு பாட்டு தனியா நடந்துக்கிட்டிருந்துச்சு. அப்புறம்தான் விசாரிச்சுத் தெரிஞ்சது, சசிதரன்னு ஒரு கலைஞர்தான் ராஜாவோட அத்தனை பாட்டுக்கு அந்த பேஸை வாசிச்சிருக்கார்னு. அன்னைக்கு ராத்திரி முழுக்க தூங்காம தெரிஞ்ச பாட்டையெல்லாம் மறுபடி கேட்டேன்.

ஆனா நான் சொல்ல வர்றது "ஐயோ இத்தனை வருஷம் பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கோம்"ங்கிறது இல்ல. அந்தப் பாதி பாட்டே முழுப் பாட்டா எங்களுக்குப் போதுமானதா இருந்துச்சு, அதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு பாட்டுக்கு அடித்தளமே இல்லாம பண்ணியும் அது ஊரையே கட்டிப் போட்டுச்சுன்னா, அந்தக் குழாய் வெறுமனே சத்தத்தைப் பெருசாக்கின சாமான் மட்டும் இல்ல, எந்தப் பாட்டு நம்ம ஊர்ல உயிரோட இருக்கணும், எந்தக் குரல் நிக்கணும், எந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்னு முடிவு பண்ணினதுல அதுக்கும் பெரிய பங்கு இருக்குன்னு நான் நம்புறேன். சினிமாப் பாட்டைப் பத்தி எழுதுறவங்க இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர், ரேடியோன்னு எல்லாத்தையும் எழுதிட்டாங்க. மைக் செட்டைப் பத்தி யாரும் உக்காந்து எழுதினதா எனக்குத் தெரியல.

முதல்ல அது வேலை செய்யுற விதத்தைக் கொஞ்சம் சொல்லிடுறேன், ஏன்னா மத்ததெல்லாம் அதுல இருந்துதான் வருது. குழாய்க்குப் பின்னாடி உருண்டையா ஒரு சாமான் திருகி மாட்டியிருப்பாங்க, அதுக்குப் பேரு யூனிட். அதுக்குள்ள காந்தம், காயில்னு சொல்ற ஒரு சின்ன கம்பிச் சுருள், அதோட ஒட்டின மெல்லிசான ஒரு தகடு. அந்தத் தகடு ரொம்ப சின்னது, அது நேரா வெளிக்காத்தைத் தள்ளினா எதுவும் பெருசா நகராது. அதனால முதல்ல ஒரு குறுகலான தொண்டைக்குள்ள இருக்கிற காத்தை அழுத்தும், அந்த அழுத்தம் அப்படியே விரிஞ்சு விரிஞ்சு போற குழாய் வழியா வெளிய வரும். வீட்ல இருக்கிற சாதாரண பேப்பர் கோன் ஸ்பீக்கர் தனக்கு வர்ற கரண்ட்ல நூத்துல ஒண்ணு ரெண்டு பங்கைத்தான் சத்தமா மாத்தும், மிச்சமெல்லாம் சூடாப் போயிரும். குழாய் அதைவிடப் பல மடங்கு சத்தமா மாத்தும். கரண்டே வராத ஊர்ல, பேட்டரியில ஓடுற ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரை சைக்கிள் கேரியர்ல கட்டிக் கொண்டுவந்து, ரெண்டே ரெண்டு குழாயை வெச்சு சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் கேக்க வெச்சாங்கன்னா இதுதான் காரணம். இந்த மாதிரி காயிலும் குழாயும் சேர்ந்த ஸ்பீக்கரை 1915ல சான் ஃபிரான்சிஸ்கோவுல ஜென்சன், பிரிதம்னு ரெண்டு பேர் பெரிய கூட்டத்துக்கு நடுவுல போட்டுக் காட்டினாங்க, அவங்க ஆரம்பிச்ச கம்பெனிதான் மேக்னாவாக்ஸ். அங்க இருந்து அரசியல் மேடை, கோயில், கொட்டகைன்னு எப்படியெப்படியோ சுத்தி நம்ம வேப்பமரத்துக்கு வந்திருக்கு. நம்ம பக்கம் வந்த உடனே அது மேல சிவப்பு எனாமல் பெயிண்ட்ல முதலாளி பேரு, ஊர் பேரு, "சவுண்ட் சர்வீஸ்"னு எழுதிட்டாங்க.

இந்தச் சக்திக்கு ஒரு விலை இருக்கு. குழாய் எவ்வளவு பெருசோ அவ்வளவுக்குத்தான் கீழ் ஸ்வரம் வரும். மரத்துல கட்டுற அளவு குழாய்ல ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் (ஒரு செகண்டுக்கு 300 அதிர்வு) கீழ இருக்கிறதெல்லாம் மடமடன்னு குறைஞ்சிரும், மேல 5000, 6000 தாண்டினா அங்கயும் இல்ல. நடுவுல இருக்கிறது மட்டும் கத்தி மாதிரி வெளிய வரும். மனுசன் காது ரொம்பக் கூர்மையா கேக்குறதும் அந்த நடுப் பகுதியில தான், குறிப்பா 2000ல இருந்து 5000 ஹெர்ட்ஸ் வரைக்கும். அதாவது பேச்சும் குரலும் இருக்கிற இடம். பேஸ் கிடார் கீழ, 100 ஹெர்ட்ஸ் பக்கத்துல நடமாடுற வாத்தியம். அது எங்க ஊர்ப் பக்கமே எட்டிப் பாக்காததுக்கு இதுதான் காரணம்.

இப்ப குரலுக்கு வருவோம். பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னாடி மைக் இல்லாம நின்னு பாடுற ஆபரா பாடகர்களை ஆராய்ச்சி பண்ணினவங்க ஒண்ணு கண்டுபிடிச்சாங்க, அந்தப் பாடகர்கள் குரல்ல 3000 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு தனி மினுமினுப்பு குவிஞ்சிருக்கு, வாத்தியமெல்லாம் அந்த இடத்துல பலவீனமா இருக்கிறதால குரல் மட்டும் பிளந்துக்கிட்டு வெளிய வருதுன்னு. நம்ம ஊர்ல இதை யாரும் அளந்து பாத்தாங்களோ என்னவோ, ஆனா மைக் இல்லாத நாடக மேடையில கடைசி வரிசைக்குக் கேக்கணும்னு பாடிப் பழகின குரல் எல்லாம் குழாய்ல ஏறி உக்காந்தது தற்செயல்னு என்னால நினைக்க முடியல. கே.பி.சுந்தராம்பாள் கிட்டப்பாவோட மேடையில நின்ன காலத்துல பாட்டு கடைசி ஆள் வரைக்கும் போய்ச் சேரணும்னா தொண்டை ஒண்ணுதான் வழி. 1953ல ஔவையாராவும் 1965ல திருவிளையாடல்லயும் அந்தக் குரல் ரெக்கார்டுல வந்தப்ப, குழாய்க்குன்னே செஞ்சு வெச்ச குரலா அது இருந்துச்சு. சீர்காழி கோவிந்தராஜன் அதே வகை, டி.எம்.எஸ் அதே வகை. நாகூர் ஹனிபா குரல் இருக்கே, அது குழாய்ல வந்தா கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் மாடு மேய்க்கிறவருக்கும் ஒரு எழுத்து சிதையாம கேக்கும். எங்க ஊர்ல ஒரு முஸ்லிம் வீடு கூட கிடையாது, ஆனா அவரோட "இறைவனிடம் கையேந்துங்கள்" பாட்டை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போடுவாங்க, யாரும் ஏன்னு கேட்டதில்ல. அதே குரல்தான் தேர்தல் நேரத்துல "ஓடி வருகிறான் உதயசூரியன்"னு கட்சி வண்டியில வரும்.

இன்னொரு பக்கம் பி.பி.ஸ்ரீநிவாஸ், ஏ.எம்.ராஜா. இவங்க ரெண்டு பேரும் மைக்குக்குப் பாடின குரல், அதாவது மைக்குக்கு ரொம்பப் பக்கத்துல நின்னு ஒருத்தர் காதுல சொல்ற மாதிரி பாடுறது. எனக்கு உசுரு அந்தக் குரலுங்க மேல. ஆனா குழாய்ல அந்தக் குரலோட அடிப்பக்கம், அந்த வெதுவெதுப்பு இருக்கே, அது வெட்டுப்பட்டுப் போயிரும், சன்னமா ஒரு கோடு மட்டும் மிஞ்சும். அதனாலதானோ என்னவோ அவங்க பாட்டு ராத்திரி ரேடியோவுக்குச் சொந்தமாச்சு, திருவிழாவுக்கு டி.எம்.எஸ் சொந்தமானார். இது என் கணிப்புதான், ஆனா எந்த ஊர் மைக் செட்காரரைக் கேட்டாலும் அவர் பெட்டியில எந்த ரெக்கார்டு அதிகமா தேஞ்சிருக்குன்னு பாத்தா தெரிஞ்சிரும்.

ரேடியோன்னு சொன்னதால இதையும் சொல்லணும். பி.வி.கேஸ்கர் மந்திரியா இருந்தப்ப, 1952ல ஆல் இந்தியா ரேடியோவுல சினிமாப் பாட்டு நின்னே போச்சு, சாஸ்திரிய சங்கீதம்தான் நாட்டுக்கு நல்லதுன்னு அவங்க நினைச்சாங்க. ஜனங்க முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பி ரேடியோ சிலோன் கேட்டாங்க, அப்புறம் 1957ல விவித் பாரதி வந்துச்சு. இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த நாள்ல ஊர்ல எத்தனை வீட்ல ரேடியோ இருந்துச்சு? பண்ணையார் வீட்ல ஒண்ணு, பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒண்ணு. மிச்ச ஜனத்துக்குப் பாட்டு வந்தது கல்யாண வீட்டுக் குழாய்லயும் டூரிங் டாக்கீஸ் கூரையில இருந்த குழாய்லயும் தான். கொட்டகைக்காரங்க சாயங்காலம் ஒரு சாமி பாட்டோட ஆரம்பிப்பாங்க, வயக்காட்டுல இருக்கிறவங்களுக்கு அது மணி. இந்தப் பாட்டு முடிஞ்சா டிக்கெட் குடுப்பாங்க, இந்தப் பாட்டு வந்தா படம் போடப் போறாங்கன்னு ஒவ்வொரு கொட்டகைக்கும் ஒரு கணக்கு. எங்கம்மா சொல்லுவாங்க, களையெடுத்துக்கிட்டிருக்கிறப்ப பாட்டை வெச்சே "ஏய் இன்னும் ரெண்டு பாட்டு இருக்குடி, இந்தப் பாத்தியை முடிச்சிட்டு ஓடலாம்"னு பேசிப்பாங்களாம்.

இந்த இடத்துலதான் மைக் செட்காரர் எனக்குப் பெரிய ஆளா தெரியுறார். ஒரு பாட்டை யாரோ எழுதுறாங்க, ஒரு கதைக்காக, ஒரு காட்சிக்காக. படம் ஓடி முடிஞ்சிருது. அந்தப் பாட்டு அப்புறம் ஒரு சடங்கா மாறுதே, அதை யார் பண்ணினது? கல்யாண வீடுன்னா முதல்ல சீர்காழியோட "விநாயகனே வினை தீர்ப்பவனே", அப்புறம் முருகன் பாட்டு ஒண்ணு ரெண்டு, பொண்ணு அழைக்கிறப்ப "மணமகளே மருமகளே வா வா", மணவறைக்குப் போறப்ப "வாராயென் தோழி வாராயோ". இந்த வரிசையை எந்த சாஸ்திரமும் சொல்லல. "மணமகளே மருமகளே" பஞ்சு அருணாசலம் எழுதி 1962ல சாரதா படத்துல வந்த பாட்டு, அந்தப் படத்துல ஒரு கல்யாணம் படுற அவதியைப் பாத்தவங்க அதைக் கல்யாண வீட்ல போட யோசிப்பாங்க. ஆனா மைக் செட்காரர் படத்தைத் தூக்கி ஒரு ஓரமா வெச்சிட்டு பாட்டை மட்டும் எடுத்துக்கிட்டார், அதுல இருக்கிற வார்த்தை அவருக்கு வேணும், அந்த நேரத்துக்கு அது பொருந்துது, அவ்வளவுதான். ஒரு ஊர்ல ஒருத்தர் போட்டிருப்பார், அடுத்த ஊர் கல்யாணத்துக்கு வந்திருந்த பொம்பளைங்க "அந்தப் பாட்டைப் போடலையா"ன்னு கேட்டிருப்பாங்க, இப்படியே பரவி ஒரு 10 வருஷத்துல அது இல்லாத கல்யாணமே கிடையாதுன்னு ஆயிருக்கும். இன்னைக்கும் மண்டபத்துல அந்தப் பாட்டு வருது, சாரதா படம் பேரு தெரியாத பிள்ளைங்க அதுக்கு ரீல்ஸ் போடுது.

எல்.ஆர்.ஈஸ்வரியை எடுத்துக்கங்க. "வாராயென் தோழி" அவங்களுக்குப் பேரு வாங்கிக் குடுத்த பாட்டு, 1961 பாசமலர். அப்புறம் சினிமாவுல அவங்களுக்குக் குடுத்ததெல்லாம் பெரும்பாலும் கிளப் டான்ஸ் பாட்டு, கவர்ச்சிப் பாட்டு. அப்புறம் ஆடி மாசத்துக்கு அம்மன் பாட்டு, "செல்லாத்தா செல்ல மாரியாத்தா", "கற்பூர நாயகியே கனகவல்லி". ஒரே குரல் பொண்ணை மணவறைக்குக் கூட்டிப் போகுது, கிளப்புல ஆடுது, கூழ் ஊத்துற இடத்துல சாமியை வரவழைக்குது. சபையில உக்காந்து சங்கீதம் கேக்குறவங்க இந்த மூணையும் மூணு தட்டுல வெச்சுத்தான் பாப்பாங்க. குழாய்க்கு அந்த வித்தியாசம் கிடையாது, ஊருக்கும் கிடையாது. அந்தக் குரல்ல இருக்கிற ஒரு வெடிப்பு, ஒரு துணிச்சல், அதுதான் மூணு இடத்துலயும் ஜனங்களைப் பிடிச்சது. நம்ம ஊர்ப் பொம்பளைங்க சாமி வந்து ஆடுறப்ப பின்னாடி ஓடுற குரல் ஈஸ்வரியம்மா குரல்ங்கிறது சின்ன விஷயம் இல்லீங்க, எந்த விருதும் அதுக்கு ஈடு கிடையாது.

சாவு வீட்டுக்கும் தனி வரிசை இருந்துச்சு. பறை ஒரு பக்கம் அடிச்சுக்கிட்டிருக்கும், அது நின்ன இடைவெளியில குழாய்ல "வீடு வரை உறவு" வரும். 1962ல பாத காணிக்கைக்குக் கண்ணதாசன் எழுதினது, பட்டினத்தார் பாட்டைத் தழுவினது, சொத்து வீட்டோட, பொண்டாட்டி வீதியோட, பிள்ளைங்க சுடுகாட்டோட நின்னுருவாங்க, கூட வர்றது பண்ணின புண்ணியமும் பாவமும்தான்னு அவர் பாடினதை கண்ணதாசன் நாலு வரியில சினிமாவுக்குக் கொண்டு வந்தார். பட்டினத்தார்ட்ட இருந்து சினிமாவுக்கு, சினிமாவுல இருந்து மறுபடியும் சுடுகாட்டுப் பாதைக்கு. பாட்டு சுத்தி வந்து தான் பொறந்த இடத்துக்கே திரும்பிப் போயிருச்சு, அதைக் கூட்டிட்டுப் போனது ஒரு மைக் செட். அடுத்த ஊர்க் குழாய்ல காலங்காத்தால இந்தப் பாட்டு கேட்டா, எங்க பாட்டி வெத்தலைப் பையை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டு "யாருன்னு தெரியலையே, போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவோம்"னு கிளம்பிரும். தந்தி, போன் எல்லாத்துக்கும் முன்னாடி பாட்டுதான் சேதி சொல்லும். எந்தத் திசையில இருந்து, எந்தப் பாட்டு, அவ்வளவு போதும், வீட்ல என்ன விசேஷம்னு கணக்குப் போட்டிருவாங்க.

பாட்டு மட்டும் இல்ல, கதை வசனமும் இருந்துச்சு. திருவிளையாடல்ல தருமியும் சிவனும் பேசுறது, கட்டபொம்மன் வசனம், இதையெல்லாம் ரெக்கார்டுல போட்டுப் போட்டு, படம் பாக்காத பெருசுங்க கூட நிறுத்தாம அடுத்த வரி சொல்லுவாங்க. 1984ல விதி படத்தோட வசன கேசட் வந்தப்ப டீக்கடை, கல்யாண வீடு, காதுகுத்துன்னு ஒரு இடம் விடாம அந்தக் கோர்ட் காட்சிதான். ஏமாத்தப்பட்ட ஒரு பொண்ணு கோர்ட்ல நின்னு நியாயம் கேக்குறதை ஊரே உக்காந்து வாயால மென்னுக்கிட்டே கேட்டுச்சு, பந்தியில சோறு போடுறவங்க கரண்டியோட நின்னு கேட்டாங்க. படமே இல்லாம வெறும் சத்தமா ஒரு சினிமா ஓடுறதை உலகத்துல வேற எங்க இவ்வளவு பேர் கேட்டிருப்பாங்கன்னு எனக்கு அடிக்கடி தோணும்.

தூரத்துல இருந்து கேக்குறதுக்குன்னு ஒரு தனி அழகு இருக்கு, அதை ஹெட்போன் தலைமுறைக்குச் சொல்லிப் புரிய வைக்கிறது கஷ்டம், ஆனாலும் சொல்லிப் பாக்குறேன். ஒரே ஆம்ப்ளிஃபயர்ல ரெண்டு குழாய் கட்டியிருப்பாங்க, ஒண்ணு கோயில் பக்கம், ஒண்ணு ஊர் எல்லையில. சத்தம் ஒரு செகண்டுக்கு 340 மீட்டர் மாதிரிதான் போகும். ஒரு குழாயை விட இன்னொண்ணு 300 மீட்டர் தள்ளியிருந்தா, அதுல இருந்து வர்ற அதே வரி ஏறக்குறைய 1 செகண்ட் பிந்தி வரும். டி.எம்.எஸ் ஒரு வரியைப் பாடி முடிக்கிறதுக்குள்ள அவரே பின்னாடி வந்து அதே வரியை இன்னும் மெதுவா, இன்னும் சோகமா பாடிக்கிட்டிருப்பார். காத்தடிச்சா ஒரு டி.எம்.எஸ் காணாம போயி இன்னொருத்தர் பக்கத்துல வருவார். ஸ்டூடியோவுல யாரும் போடாத எக்கோ அது, எங்க ஊரோட எக்கோ. நீங்க நிக்கிற இடம் மாறினா பாட்டும் மாறும், கிணத்து மேட்டுல ஒரு மாதிரி, பள்ளிக்கூடத்துத் திண்ணையில ஒரு மாதிரி.

மார்கழி விடியக்காலையில இன்னும் விசேஷம். பகல்ல தரை சூடா இருக்கும், மேல போகப் போக காத்து குளிரும், அதனால சத்தம் மேல் பக்கமா வளைஞ்சு போயிரும், கொஞ்சத் தூரத்துலயே காணாம போகும். விடியக்காலையில தலைகீழ். தரையை ஒட்டின காத்து குளிர்ந்து கிடக்கும், மேல இருக்கிறது அதைவிட வெதுவெதுப்பா இருக்கும், அப்ப சத்தம் கீழ் பக்கமா வளைஞ்சு தரையை ஒட்டியே ரொம்ப தூரம் ஓடும். பகல்ல கேக்கவே கேக்காத நாலு ஊர் தள்ளி இருக்கிற பெருமாள் கோயில் திருப்பாவை, எம்.எல்.வசந்தகுமாரி குரல், போர்வைக்குள்ள தெளிவா வரும். இன்னொரு திசையில இருந்து பாங்கு வரும், இன்னொரு பக்கம் சர்ச்ல ஏதோ பாட்டு. எல்லாமே அவ்வளவு தூரத்துல இருந்து வந்ததால ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாது.

பக்கத்து வீட்ல குழாய் கட்டியிருந்தவங்களுக்கு இந்த அழகெல்லாம் கிடையாதுங்கிறதையும் சொல்லியாகணும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, கைக்குழந்தை வெச்சிருக்கிறவங்க, படுத்த படுக்கையா இருக்கிற பெருசு, அவங்க வீட்டு ஜன்னலுக்கு நேரா குழாய் வாயைத் திறந்து வெச்சிருந்தா அது கொடுமை, அதுல ரெண்டு பேச்சு இல்ல. குழாய் அந்த நடுப் பகுதியை மட்டும் அடிக்கிறதாலயே காதை அறுக்கும். 2000ல மத்திய அரசு சத்தத்துக்குன்னு விதி கொண்டுவந்து ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் வெளியில ஒலிபெருக்கி கூடாதுன்னு சொல்லிச்சு. குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. அதே 2000 ஆகஸ்ட்ல சென்னையில ஒரு குடியிருப்புச் சங்கமும் ஒரு ஜெபக்கூடமும் சம்பந்தப்பட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட், அடுத்தவங்க அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கி வெச்சுக் கும்பிடணும்னு எந்த மதமும் சொல்லலைன்னு தீர்ப்பு சொல்லிச்சு. நான் அந்தத் தீர்ப்பு பக்கம்தான். குழாய் மேல எனக்கு இருக்கிற பிரியத்துக்காக ஒரு நோயாளி தூங்காம கிடக்கணும்னு நான் சொல்ல மாட்டேன்.

அதைவிடக் கசப்பான ஒண்ணும் இருக்கு. குழாயோட வாய் எந்தத் தெரு பக்கம் திரும்பியிருக்குங்கிறது ஊர்ல சும்மா நடக்கிற விஷயம் இல்ல. சாதியால ஒதுக்கி வெச்ச தெருவுல கோயில் கொடைக்கு வரி வாங்க மாட்டாங்க, சாமியை அந்தத் தெருவுக்குக் கொண்டு போக மாட்டாங்க, ஆனா குழாய் சத்தம் மட்டும் அந்தத் தெருவுக்குள்ள போகும், தடுக்க முடியாது. அந்தத் தெருக்காரங்க தங்களுக்குன்னு ஒரு மைக் செட் எடுத்துத் திருவிழா நடத்தினப்ப "சத்தத்தைக் குறை"ன்னு சண்டைக்குப் போனாங்க. 1992ல வந்த தேவர் மகன் படப் பாட்டை சாதிப் பெருமைக்காகத் தென் மாவட்டத்துல ஊர்வலத்துல போடுறதும், வேணும்னே இன்னொரு தெரு முன்னாடி நின்னு போடுறதும், அதனால வந்த வம்பும் எங்க பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. கல்யாணத்துக்குப் பாட்டைப் பொருத்தின அதே புத்திதான் இங்கயும் வேலை செஞ்சிருக்கு, படத்துல இருந்து பாட்டைப் பிச்சு எடுத்து ஊருக்குள்ள ஒரு அர்த்தம் குடுக்கிறது. இங்க அந்த அர்த்தம் அடுத்தவனைக் குத்துறதுக்குக் குடுத்தது. குழாயைப் பத்தி நெகிழ்ந்து எழுதுறவங்க இதை விட்டுட்டு எழுதினா அது நேர்மை இல்ல.

அப்புறம் பேஸும் வர்ற பெட்டி ஸ்பீக்கர், அதாவது பாக்ஸ் வந்துச்சு. முதல்ல ஆள் உயரத்துக்கு ரெண்டு பாக்ஸ், பின்னாடி லாரியில அடுக்கிக் கொண்டு வர்ற அளவுக்கு. 1992ல ரோஜா வந்தப்புறம் பாட்டோட உடம்பே மாறிப் போச்சுன்னு எனக்குத் தோணும், ரஹ்மான் பாட்டுல கீழ இருக்கிற அந்த அதிர்வு பாட்டுக்கு உயிர்நாடி, அதைக் குழாய்ல போட்டா மேல் தோல் மட்டும்தான் வரும். "சின்னச் சின்ன ஆசை" குழாய்ல தப்பிச்சுக்கிச்சு, அது குரல் பாட்டு. அடுத்தடுத்து வந்த டான்ஸ் பாட்டெல்லாம் தப்பிக்கல. மைக் செட்காரர் என்ன பண்ணுவார், பாக்ஸ் வாங்கினார். ஸ்டீரியோ கேசட் வந்தப்பவும் இப்படித்தான் ஒரு கூத்து நடந்துச்சு, சில பேர் டெக்ல இருந்து ஒரு பக்க ஒயரை மட்டும் ஆம்ப்ளிஃபயர்ல சொருகிடுவாங்க, பாதி வாத்தியம் அந்தப் பக்கமே நின்னுபோகும், இடையிசையில கேள்வி கேக்குற வயலின் மட்டும் வரும், பதில் சொல்ற வயலின் வராது. நான் ரொம்ப நாள் அந்த மௌனத்தையும் பாட்டோட சேர்த்தே மனப்பாடமா வெச்சிருந்தேன்.

பாக்ஸ் வந்தது நல்லதா கெட்டதான்னு கேட்டா, பாட்டுக்கு நல்லது. பேஸ் நெஞ்சுல வந்து அடிக்கிறப்ப பையன்கள் ஆடுறது பொய் இல்ல, அது உண்மையான சந்தோசம். ஆனா பாக்ஸோட பேஸ் தூரத்துல போனா வெறும் டும் டும்னு சுவர் அதிர்ற சத்தமா மட்டும்தான் மிஞ்சும், வார்த்தை அங்க போய்ச் சேராது. குழாய்ல வார்த்தை போய்ச் சேர்ந்துச்சு. அடுத்த ஊர்ல கல்யாணமா சாவான்னு இப்ப சத்தத்தை வெச்சுச் சொல்ல முடியாது, ரெண்டுக்கும் ஒரே டும் டும். பாட்டு எழுதுறவங்க வார்த்தை முக்கியம் இல்லாம போச்சுன்னு வருத்தப்படுறாங்க, அதுக்கு ஆயிரம் காரணம் சொல்றாங்க, ஸ்பீக்கர் மாறினதும் ஒரு காரணம்னு நான் சேர்த்துக்குவேன். வார்த்தையைக் கிலோமீட்டர் கணக்குல தூக்கிட்டுப் போற ஒரு சாமான் இருந்தவரைக்கும் வார்த்தைக்கு மதிப்பு இருந்துச்சு.

இப்ப கிராமத்துப் படம் எடுக்கிறவங்க பழைய காலத்தைக் காட்டணும்னா பின்னாடி குழாய்ல ஒரு பாட்டு ஓட விடுறாங்க. பெரும்பாலும் கம்ப்யூட்டர்ல கீழயும் மேலயும் வெட்டிட்டு கொஞ்சம் எக்கோ போட்டுருவாங்க, கேட்ட உடனே தெரிஞ்சிரும், அதுல காத்து இருக்காது. 1973ல அமெரிக்கன் கிராஃபிட்டின்னு ஒரு படம், கார் ரேடியோவுல ஊர் முழுக்க ஒரே பாட்டு ஓடுற கதை, அதுக்குச் சத்தம் அமைச்ச வால்டர் மர்ச் என்ன பண்ணினார்னா பாட்டையெல்லாம் நிஜமாவே வெளியில ஒரு ஸ்பீக்கர்ல போட்டு, அதைத் தூரத்துல ஒரு மைக் வெச்சு மறுபடி ரெக்கார்ட் பண்ணினார், ஸ்பீக்கரையும் மைக்கையும் ஆளுக்கொரு திசையில திருப்பிக்கிட்டே. அந்த ஊர்க் காத்தும் பாட்டுல ஏறிடுச்சு. நம்ம ஆளுங்களுக்கு இது ரொம்ப சுலபம், பழைய குழாய் இன்னும் ஆயிரக்கணக்குல பரண்ல கிடக்குது, வேப்பமரம் இருக்கு, கண்மாய்க் கரை இருக்கு. ஒரே ஒரு விடியக்காலை போதும்.

படம் எடுக்கிறவங்க பண்ணினாலும் பண்ணாட்டியும், நாம ஒண்ணு பண்ணலாம். பழைய பாட்டையெல்லாம் இரைச்சல் நீக்கி சுத்தம் பண்ணி யூடியூப்ல ஏத்துறாங்க, நல்ல வேலை, ஆனா ஊர் கேட்ட விதம் எங்கயும் சேமிப்புல இல்ல. உங்க ஊர்ல வயசான மைக் செட்காரர் யாராவது இருந்தா போயி உக்காந்து பேசுங்க. கல்யாணத்துக்கு எந்த வரிசையில போட்டீங்க, சடங்கு வீட்டுக்கு முதல் பாட்டு எது, சாவு வீட்ல எந்தப் பாட்டைப் போடவே கூடாதுன்னு வெச்சிருந்தீங்க, எந்தத் தெரு பக்கம் குழாயைத் திருப்பக் கூடாதுன்னு யார் சொன்னது, ரெக்கார்டு முள்ளை எத்தனை பாட்டுக்கு ஒருக்கா மாத்துவீங்க, இதையெல்லாம் கேட்டு போன்ல பதிவு பண்ணி வைங்க. நிறைய பேர் பாட்டு வரிசையை ஒரு நோட்டுல எழுதி வெச்சிருப்பாங்க, மஞ்சள் அப்பி, ஓரம் கிழிஞ்சு இருக்கும், அந்த நோட்டை ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுங்க. பரண்ல குழாய் இருந்தா இறக்கித் துடைச்சு யூனிட் வேலை செய்யுதான்னு பாருங்க, செஞ்சா அவர் கையாலயே ஒரு பாட்டு போடச் சொல்லி, நீங்க ஊர் எல்லை வரைக்கும் நடந்து போய் அங்க நின்னு ரெக்கார்ட் பண்ணுங்க. அனுமதி வாங்கிட்டு, பகல் நேரத்துல, சத்தத்தை அளவா வெச்சு.